சுருங்குதலும் சுண்டுதலும்

நுழையும்முன்

ஆங்கிலத்தில் ‘கண்டென்சேஷன்’ என்பது ஒரு சொல். பனித்துளிக்கும் அதுவே பெயர். டப்பாவில் அடைத்த கெட்டிப்பாலுக்கும் அதுவே அடை. வேதியியல் வினை ஒன்றுக்கும், நூலைச் சுருக்கி எழுதுவதற்கும், மின்விசிறிக்குள் இருக்கும் சிறிய உருளைக்கும் அச்சொல்லே வழங்கியது. தமிழ் இவ்விடங்களில் வெவ்வேறு சொற்களை ஆள்கிறது. அச்சொற்களின் வேறுபாடு அறிவியல் அறிவுக்கு எவ்வாறு துணைசெய்கிறது, எங்கே தடுமாறச் செய்கிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

பெய்யாத பனி

திருச்சிராப்பள்ளியிலிருந்து நாமக்கல் செல்லும் சாலையில் முசிறியைக் கடந்தால் தொட்டியம் வரும். காவிரியின் வடகரையில் அமைந்த ஊர். வாழைக்குப் பெயர்பெற்ற வட்டாரம். மார்கழி மாதத்து விடியற்பொழுதில் இங்குள்ள வாழைத் தோட்டங்களில் நடப்பவர், மழை பெய்யாத இரவுக்குப் பின்னும் தோள் நனையாமல் வெளிவர இயலாது. அகன்ற இலைப்பரப்பில் அரும்பிய நீர் நடுநரம்பின் பள்ளத்தில் கூடி, காம்பை நோக்கி வழிந்துகொண்டிருக்கும்.

‘பனி பெய்தது’, ‘பனி கொட்டுகிறது’ என்று நாம் சொல்கிறோம். ஆனால் பனித்துளி வானிலிருந்து விழுவதில்லை, இலையின்மேலேயே பிறக்கிறது. காற்றில் எப்போதும் கண்ணுக்குப் புலனாகாத நீராவி கலந்துள்ளது. 30 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள ஒரு கனமீட்டர் காற்று ஏறத்தாழ 30 கிராம் நீராவியைத் தாங்கும். அதே காற்று 20 பாகைக்குக் குளிர்ந்தால் 17 கிராம் அளவே தாங்கும். தாங்கும் அளவை மீறிய நீராவி நீராக வெளிப்பட்டே ஆகவேண்டும். அவ்வாறு வெளிப்படத் தொடங்கும் வெப்பநிலையைப் பனிநிலை என்பர். முகிலற்ற இரவில் இலை தன் வெப்பத்தை வானுக்கு வீசி இழந்து, தன்னைச் சூழ்ந்த காற்றைவிடவும் குளிர்ந்துபோகிறது. ஆதலால் காற்றின் நடுவில் தோன்றுமுன் இலையின்மேல் நீர் தோன்றிவிடுகிறது. வில்லியம் சார்லஸ் வெல்ஸ் என்னும் மருத்துவர் 1814ஆம் ஆண்டு பனியைப் பற்றி எழுதிய நூலில் இதனைப் பல சோதனைகளால் நிறுவினார். முகில் மூடிய இரவுகளில் பனி குறைவதற்கும் காரணம் இதுவே: முகில் ஒரு போர்வைபோல் இருந்து நிலத்தின் வெப்பத்தைத் திருப்பி அனுப்புகிறது.

வாழையிலை விளிம்பில் வரிசையாக நிற்கும் துளிகள் அனைத்தும் பனியல்ல என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். வேர் உறிஞ்சிய நீர் இரவில் மிகும்போது இலை விளிம்பின் வழியே தானே கசிந்து நிற்பதும் உண்டு. ஒன்று வெளியிலிருந்து வந்த நீர். மற்றொன்று உள்ளிருந்து வந்தது. பார்வைக்கு இரண்டும் ஒன்றே.

தமிழர் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தபோது அவற்றுள் இரண்டிற்குப் பனியின் பெயரை இட்டனர். மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. இரவின் முற்பகுதியிலேயே பனி தோன்றும் காலம் முன்பனி, பிற்பகுதியில் தோன்றும் காலம் பின்பனி என்பது இவற்றுக்குத் தரப்படும் விளக்கம். இயற்பியல் கொண்டு நோக்கினால் இப்பகுப்பு எத்துணை நுட்பமானது என்பது புலப்படும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த மார்கழியில் நிலமும் காற்றும் ஈரம் மிக்கவை, இரவும் நீண்டது. காற்று சிறிது குளிர்ந்தாலே பனிநிலையைத் தொட்டுவிடும். மாசியிலோ பகல் வெயில் ஏறுகிறது, காற்றின் ஈரம் குறைகிறது. பனிநிலையை எட்ட விடியும்வரை குளிரவேண்டியிருக்கிறது. வெப்பமானி இல்லாத காலத்தில், நீராவி நீராகும் நேரத்தையே அளவுகோலாக்கிப் பருவத்தைப் பெயரிட்டிருக்கின்றனர்.

எது சுருங்குகிறது?

நீராவி நீராகும் நிகழ்வைத் தமிழ்நாட்டு அறிவியல் நூல்கள் ‘ஆவி சுருங்குதல்’ என்கின்றன. புவியியல் நூல்களில் ‘நீர் சுருங்குதல்’ என்னும் வழக்கும் காணப்படுகிறது. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் இதனையே ‘ஒடுங்கல்’ என்று கூறும்; ஆய்வுக்கூடத்தில் ஆவியைக் குளிர்விக்கும் கண்ணாடிக் கருவி அங்கே ‘ஒடுக்கி’ எனப்படும்.

இவற்றுள் ‘ஆவி சுருங்குதல்’ என்பது உண்மைக்கு மிக அருகில் நிற்கும் சொல். 100 பாகை வெப்பத்தில் ஒரு கிராம் நீராவி ஏறத்தாழ 1670 மில்லிலிட்டர் இடத்தை நிரப்புகிறது. நீராக மாறியதும் ஏறத்தாழ ஒரு மில்லிலிட்டரில் அடங்கிவிடுகிறது. ஒரு பெரிய குடத்தளவு ஆவி மிகச் சிறிதளவு நீரே ஆகிறது. ‘சுருங்குதல்’ என்று சொல்லத் தகுந்த மாற்றம் இதனினும் வேறில்லை. ஆனால் சுருங்கியது ஆவியே, நீரன்று. ‘நீர் சுருங்குதல்’ என்று எழுதும்போது, இருந்த நீர் குறைந்துபோயிற்று என்று பொருள்கொள்ள இடமுண்டு. குளத்து நீர் கோடையில் சுருங்குவதைப் பார்த்து வளர்ந்த மாணவர் ஒருவர், ஆவியாதலையே இச்சொல் குறிக்கிறது என எண்ணினால் அவரைக் குறைகூற இயலாது. நிகழ்வுக்கு நேர்எதிரான பொருளைத் தரக்கூடிய கலைச்சொல்லை விலக்குவதே நன்று.

இச்சுருக்கத்தின் வலிமையால்தான் தொழிற்புரட்சி நடந்தது. மூடிய உருளைக்குள் நிறைந்த நீராவியைக் குளிர்வித்தால் அது சுருங்க, உள்ளே வெற்றிடம் தோன்றும். வெளிக்காற்றின் அழுத்தம் உந்துதண்டை உள்ளே தள்ளும். தொடக்கக்கால நீராவிப் பொறிகள் இவ்வாறே இயங்கின. ஆனால் ஒவ்வொரு முறையும் உருளையையே குளிர்வித்து மீண்டும் சூடாக்கவேண்டியிருந்ததால் நிலக்கரி வீணாயிற்று. 1765ஆம் ஆண்டு ஜேம்ஸ் வாட், ஆவியைச் சுருக்குவதற்கெனத் தனிக்கலன் ஒன்றை அமைக்கும் எண்ணத்தைக் கண்டார். 1769இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். எரிபொருள் செலவு பெருமளவு குறைந்தது. இன்றைய அனல்மின் நிலையங்களிலும் இதே ஏற்பாடுதான். திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவெறும்பூரில் பாரத மிகுமின் நிறுவனம் உருவாக்கும் உயரழுத்தக் கொதிகலன்கள் நீரை ஆவியாக்குகின்றன. அவ்வாவி சுழலியைச் சுழற்றியபின் குளிர்விப்பானில் மீண்டும் நீராகிறது. மேட்டூர் அனல்மின் நிலையத்தில் அக்குளிர்ச்சியைத் தருவது காவிரி நீர்.

உள்ளுறை

ஆவி சுருங்கும்போது இடம் மட்டும் குறைவதில்லை, வெப்பம் வெளிப்படுகிறது. ஒரு கிராம் நீரை ஆவியாக்கச் செலவிட்ட ஏறத்தாழ 540 கலோரி வெப்பம், வெப்பமானிக்குப் புலப்படாமல் ஆவிக்குள் தங்கியிருந்து, ஆவி மீண்டும் நீராகும் கணத்தில் முழுமையாகத் திரும்பி வருகிறது. கொதிநீர் பட்ட புண்ணைவிட ஆவி பட்ட புண் கொடியதாவது இதனால்தான். இட்டலி வேகும் முறையைக் கவனித்தால் இது இன்னும் விளங்கும். இட்டலிப் பானையில் மாவைத் தொடுவது நீரன்று, ஆவி. குளிர்ந்த மாவின்மேல் ஆவி படிந்து நீராகும்போது வெளிவிடும் வெப்பமே மாவை வேகவைக்கிறது. பானையைத் திறந்ததும் மூடியின் உட்புறத்திலிருந்து சொட்டும் நீர், அவ்வாறு சுருங்கிய ஆவியின் எஞ்சிய பகுதி.

இம்மறைந்த வெப்பத்திற்குத் தமிழில் ‘உள்ளுறை வெப்பம்’ என்று பெயரிட்டவர் சங்க இலக்கியம் பயின்றவராக இருந்திருக்கவேண்டும். அகப்பாடல்களில் புறத்தே தோன்றும் கருப்பொருள் வருணனைக்குள் வேறொரு பொருள் மறைந்து நிற்பதை ‘உள்ளுறை’ என்கிறோம். எருமை தாமரையை மேய்ந்தது என்று சொல்லித் தலைவனின் ஒழுக்கத்தைச் சுட்டும் மரபு அது. தேடுவோருக்கு மட்டும் வெளிப்படும் பொருள் என்னும் கருத்து இரண்டிற்கும் பொது.

அடுப்பின்மேல் இருப்பதும் அடுப்பிலிருந்து போவதும்

காவிரிக்கரை வெல்ல ஆலைகளில் கரும்புச்சாற்றை அகன்ற கொப்பரையில் ஊற்றிக் காய்ச்சுவர். சாற்றில் ஐந்தில் நான்கு பங்கு நீர். அந்நீர் ஆவியாகிப் போகப்போகச் சாறு சுண்டிப் பாகாகி, பதம் வந்ததும் வெல்லமாக இறுகுகிறது. பாலை இவ்வாறு வெல்லத்துடன் கிளறிக் காய்ச்சினால் திரட்டுப்பால். சித்த மருத்துவர் மூலிகைகளை நீரிலிட்டு எட்டில் ஒரு பங்காகக் குறுக்கிக் காய்ச்சுவது குடிநீர். இவை அனைத்தும் ‘செறிவு மிகுதல்’ என்னும் பொருளில் ஆங்கிலத்தின் அதே ஒற்றைச் சொல்லால் சுட்டத்தக்கவை. அமெரிக்காவின் கெயில் போர்டன் 1856ஆம் ஆண்டு காப்புரிமை பெற்ற பாலுக்கு ‘கண்டென்ஸ்டு மில்க்’ என்றே பெயர் அமைந்தது.

இங்கேதான் குழப்பம் தொடங்குகிறது. கெட்டிப்பால் உருவாகும் முறையில் நிகழ்வது ஆவியாதல். ஆவி சுருங்குதல் அன்று. பெயர் ஒன்றாக இருப்பதால், பால் கெட்டியாவதையும் பனி தோன்றுவதையும் ஒரே நிகழ்வெனப் படிப்போர் மயங்க இடமுண்டு. தமிழில் இம்மயக்கத்திற்கு இடமில்லை. பால் ‘சுண்டுகிறது’, ஆவி ‘சுருங்குகிறது’. சுண்டும்போது ஒன்று விலகிப்போக, மற்றொன்று எஞ்சி அடர்கிறது. சுருங்கும்போது பொருளில் எதுவும் விலகுவதில்லை. இருந்த ஆவி முழுவதும் நீராகிறது, வெப்பம் மட்டுமே நீங்குகிறது. நம் பாட்டிமார் இவ்விரு வினைச்சொற்களையும் ஒருநாளும் மாற்றிச் சொன்னதில்லை.

ஒரே அடுப்பில் இரண்டும் நிகழும் இடம் வாலை. மருந்துகளையும் நறுமண நீரையும் வடித்தெடுக்கச் சித்த மருத்துவத்தில் பயன்படும் கருவி அது. ஓமத்தை நீரில் ஊறவைத்து அடிக்கலனில் இட்டுக் கொதிக்கவைத்தால், ஓமத்தின் மணச்சத்தைச் சுமந்த ஆவி மேலெழுந்து குழாய்வழியே சென்று, குளிர்ச்சி பட்டதும் துளித்துளியாக வடியும். அதுவே ஓமத் தீநீர். குடிநீர் காய்ச்சுபவர் கலத்தில் தங்கியதைக் கொள்கிறார். தீநீர் வடிப்பவர் கலத்தைவிட்டுப் போனதைப் பிடித்துக்கொள்கிறார். தீயால் பிறந்த நீர் ஆதலின் தீநீர் எனப்பட்டது; அதே முறையில் மலரிலிருந்து வடித்த மணநீருக்கோ பனிநீர் என்றும் பன்னீர் என்றும் பெயர் வாய்த்தது. ஒரே வினையின் இரு முனைகளான சூட்டையும் குளிரையும் இவ்விரு பெயர்களும் ஆளுக்கொன்றாகப் பற்றியிருக்கின்றன.

தெரிந்து தெளிவோம்

19ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் மேலைமருத்துவத்தைத் தமிழில் கற்பித்தார். வேதியியல் பற்றிய ‘கெமிஸ்தம்’ என்னும் தமிழ்நூல் 1875இல் வெளிவந்தது. 1916ஆம் ஆண்டு இராஜாஜியும் வெங்கடசுப்பையரும் சேலத்தில் அறிவியல் கலைச்சொற்களுக்கெனச் சங்கம் ஒன்றை நிறுவினர். பின்னாளில் இராஜாஜி ‘திண்ணை இரசாயனம்’ என்னும் நூலையும் எழுதினார்.

நீங்கும் நீர்த்துளி

வேதியியலில் ‘குறுக்க வினை’ என்று ஒன்றைப் பயில்கிறோம். இரு மூலக்கூறுகள் இணையும்போது நீர் போன்ற சிறு மூலக்கூறு ஒன்று நீங்குவதே அவ்வினை. அமினோ அமிலங்கள் கைகோத்துப் புரதமாவதும், குக்கர் கைப்பிடியிலும் பழைய கறுப்பு மின்சுவிட்சுகளிலும் காணும் பேக்கலைட்டு உருவாவதும் குறுக்க வினைகளே. லியோ பேக்கலண்டு 1907இல் கண்ட பொருள் அது. தொட்டியத்து வாழைக்காய்க்குள்ளும் இதனைக் காணலாம். குளுக்கோசு மூலக்கூறுகள் நீரை இழந்து நீள் சங்கிலியாய் இணைந்த மாவுப்பொருள், பச்சைக்காயின் சதையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உள்ளது. காய் கனியும்போது வினை பின்னோக்கித் திரும்புகிறது: நீர் சேர்ந்து சங்கிலி அறுந்து, மாவு சர்க்கரையாகிறது. நாம் சுவைக்கும் இனிமை, குறுக்கத்தின் அவிழ்ப்பு.

‘குறுக்கம்’ என்றதும் தமிழ் மாணவருக்கு நினைவில் எழுவது வேறு. ஐகாரக்குறுக்கம், மகரக்குறுக்கம் முதலியவற்றில் எழுத்து நீங்குவதில்லை. தன் மாத்திரையில் குறைந்து ஒலிக்கிறது. அரை மாத்திரை பெறும் மகரம் கால் மாத்திரையாகிறது, அவ்வளவே. வேதியியலின் குறுக்க வினைக்கு இலக்கணத்தில் இணை தேடினால், அது புணர்ச்சியில் வரும் கெடுதல் விகாரம். மரம் என்பதும் வேர் என்பதும் இணைந்து மரவேர் ஆகும்போது மகரமெய் நீங்குகிறது. இரண்டு ஒன்றாகிறது, இடையில் இருந்த சிறிய ஒன்று வெளியேறுகிறது. பெயரளவில் குறுக்கமும், செயலளவில் கெடுதலும் ஆகிய இவ்வினையை இலக்கணம் கற்றவர் எளிதில் மறக்கமாட்டார்.

தொக்கு நிற்பவை

சொற்களும் சுருங்கும். அதற்குத் தமிழ் இலக்கணம் தந்த பெயர் தொகை. வாழையினது இலை என்பதில் உள்ள ‘அது’ என்னும் உருபு, வாழையிலை என்னும்போது மறைந்து நிற்கிறது. ‘மறைந்து’ என்பதை இலக்கணநூலார் ‘தொக்கு’ என்பர். (சமையலறைத் தொக்கும் இதுவும் ஒன்றென்று சாதிக்க வேண்டியதில்லை; ஆனால் நினைவிற்கொள்ள உதவும்.) ஊறுகாய் என்னும் வினைத்தொகையில் ஊறிய, ஊறுகின்ற, ஊறும் என்னும் மூன்று காலமும் ஒரு சொல்லுக்குள் ஒடுங்கியிருக்கின்றன. விரித்தால் மூன்றும் வெளிப்படும்; எதுவும் தொலைந்துவிடவில்லை. ஆகவே தொகை என்பது ஆவி சுருங்குதலை ஒத்தது. நீர் மீண்டும் ஆவியாவது போலத் தொகை மீண்டும் விரியும்.

தேர்வில் ஒரு பத்தியைத் தந்து மூன்றில் ஒரு பங்காகச் சுருக்குக என்று கேட்பது இதனின் வேறானது. பெயர் ‘சுருக்கி வரைதல்’ எனினும் அங்கே நிகழ்வது சுண்டக்காய்ச்சுதலே. எடுத்துக்காட்டுகளும் அடைமொழிகளும் மீள்கூற்றுகளும் ஆவியாக நீங்க, கருத்து எஞ்சி அடர்கிறது. நீங்கியவற்றை எஞ்சியதிலிருந்து மீட்க இயலாது. எதை நீக்குவது என்னும் தேர்வே அங்குத் திறன். நன்னூலார் நூலின் பத்து அழகுகளுள் முதலாவதாகச் ‘சுருங்கச் சொல்லல்’ என்பதை வைத்தார். பத்துக் குற்றங்களுள் முதலாவதாகக் ‘குன்றக் கூறல்’ என்பதை வைத்தார். அழகுக்கும் குற்றத்துக்கும் இடையே உள்ள தொலைவு, பாகுக்கும் தீய்ந்த பாகுக்கும் இடையே உள்ளது போலச் சிறிதே. சூத்திரத்துக்கு அவர் கூறும் உவமை சிறிய கண்ணாடிக்குள் பெரிய உருவம் தெளிவாகத் தோன்றுவது; கண்ணாடி உருவத்தின் எப்பகுதியையும் வெட்டுவதில்லை என்பதைக் கருதுக.

பலவற்றை ஓரிடத்தில் சேர்ப்பதைத் திரட்டுதல் என்கிறோம். முகில் திரள்கிறது, வெண்ணெய் திரள்கிறது, புலவர் பலரின் பாடல்களைச் சேர்த்தால் அதுவும் ‘திரட்டு’. கனவில் பல மனிதரும் இடங்களும் ஒரே உருவில் கலந்து தோன்றுவதையும் சிக்மண்டு ஃபிராய்டு இவ்வகைச் சொல்லாலேயே குறித்தார்.

தெருவில் வழங்கும் கண்டென்சர்

மின்விசிறி மெதுவாகச் சுற்றினால், ‘கண்டென்சர் போய்விட்டது’ என்று பழுதுபார்ப்பவர் சொல்வார். அவ்வுருளையில் எதுவும் குளிர்வதுமில்லை, நீராவதுமில்லை. மின்சாரம் ஒருவகைப் பாய்மம் என்றும் அதனை அழுத்திச் செறிக்கலாம் என்றும் கருதிய காலத்தில், 1782இல் அலெஸாண்ட்ரோ வோல்டா இட்ட பெயர் அது. ஆங்கில நூல்கள் அப்பெயரைப் பெரும்பாலும் கைவிட்டுவிட்டன. நம் ஊர்க் கடைகள் கைவிடவில்லை. தமிழ் நூல்கள் ‘மின்தேக்கி’ என்கின்றன. அணைகட்டித் தேக்கி, வேண்டும்போது திறந்துவிடும் நாட்டில் பிறந்த சொல். பொருளுக்கும் மிகப் பொருத்தமானது.

குளிரூட்டியின் வெளிப்பெட்டியையும் ‘கண்டென்சர்’ என்றே அழைக்கின்றனர். அங்கே பெயர் சரியானதே. ஆனால் குழாய்வழியே சொட்டும் நீர் அந்தப் பெட்டியிலிருந்து வருவதன்று. அறைக்குள் உள்ள பகுதியிலிருந்து வருவது. உள்ளே குளிர்பொருள் ஆவியாகி வெப்பத்தை உறிஞ்சுவதால் குழாய் குளிர்கிறது. அதன்மேல் அறைக்காற்றின் ஈரம் நீராகப் படிகிறது. வெளிப்பெட்டியிலோ அக்குளிர்பொருளே சுருங்கி நீர்மமாகி வெப்பத்தை வெளிவிடுகிறது. நீர் சொட்டும் பகுதிக்கு ‘ஆவியாக்கி’ என்றும், நீர் சொட்டாத பகுதிக்கு ‘ஆவி சுருக்கி’ என்றும் பெயர் வழங்குவது முதலில் விந்தையாகத் தோன்றும். எந்தப் பொருளின் ஆவி என்று கேட்டால் விந்தை நீங்கிவிடும்.

ஒடுக்கம்

1924ஆம் ஆண்டு டாக்காவில் பணியாற்றிய சத்தியேந்திரநாத் போஸ், ஒளித்துகள்களை எண்ணுவதற்குப் புதியதொரு கணக்குமுறையை வகுத்து ஐன்ஸ்டைனுக்கு அனுப்பினார். ஐன்ஸ்டைன் அதனை அணுக்களுக்கும் விரித்து, மிகத் தாழ்ந்த வெப்பநிலையில் அணுக்கள் பல ஒரே நிலையில் ஒன்றிவிடும் என்று கூறினார். இது மெய்ப்பட எழுபது ஆண்டுகள் ஆயின. 1995இல் அமெரிக்காவின் போல்டர் நகரில் எரிக் கார்னெல், கார்ல் வைமன் ஆகியோர் ஏறத்தாழ 2000 ருபிடியம் அணுக்களை, தனிச்சுழியிலிருந்து ஒரு கெல்வினின் பத்து லட்சத்தில் ஒரு பங்கினும் குறைந்த தொலைவுக்குக் குளிர்வித்து அந்நிலையைக் கண்டனர். வொல்ஃப்காங் கெட்டர்லேயுடன் அவர்கள் 2001ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றனர்.

தமிழ்நாட்டில் இது ‘போஸ் – ஐன்ஸ்டைன் சுருக்கம்’ எனப்படுகிறது. இங்கே அணுக்கள் இடத்தால் நெருங்கியது முதன்மைச் செய்தியன்று; தம் தனித்தன்மை நீங்கி ஒரே நிலையில் அடங்கியதே செய்தி. ‘சுருக்கம்’ அதனைச் சொல்லவில்லை. இலங்கைத் தமிழரின் ‘ஒடுக்கம்’ சொல்கிறது. சைவ சித்தாந்தத்தில் ஒடுக்கம் என்பது, பலவாய் விரிந்த உலகம் தான் தோன்றிய இடத்திலேயே அடங்கும் நிலை. பனித்துளிக்கு ‘ஆவி சுருங்குதல்’ என்பதையும் ஐன்ஸ்டைன் கூறிய நிலைக்கு ‘ஒடுக்கம்’ என்பதையும் கொள்வது தகும் என்பது இக்கட்டுரையின் கருத்து. இரு கரைகளிலும் வழங்கும் சொற்களில் ஒன்றை வைத்து மற்றொன்றைத் தள்ளவேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. இரு பொருளுக்கு இரு சொல் இருப்பது மொழிக்கு வசதி.

வியர்க்கும் பழம்

சொல் பிழைத்தால் கைப்பொருள் பிழைக்கும் ஓரிடத்தைக் காண்போம். வாழைக்காயைத் தொலைவுக்கு அனுப்பும்போது 13 முதல் 14 பாகை வெப்பநிலையில் வைத்திருப்பர். அதற்குக் கீழே சென்றால் தோல் கறுத்து, காய் செம்மையாகப் பழுக்காது. திருச்சிராப்பள்ளியில் 1993இல் தொடங்கப்பட்ட தேசிய வாழை ஆராய்ச்சி மையம் அறுவடைக்குப் பிந்தைய இத்தகைய சிக்கல்களையும் ஆய்வுப் பொருளாகக் கொண்டது. குளிர் அறையிலிருந்து வெளியே எடுத்த சிறிது நேரத்தில் காயின்மேல் நீர் அரும்பும். ‘காய் வியர்க்கிறது’ என்பது இயல்பாக எழும் சொல்.

வியர்வை உடலுக்குள்ளிருந்து வருவது. ஆதலால் அச்சொல்லை நம்புபவர், காய்க்குள் இருக்கும் ஈரம் வெளியேறுகிறது என்றும், நன்றாகக் காற்றுப் பட்டால் உலர்ந்துவிடும் என்றும் எண்ணி, உறைகளைப் பிரித்துப் பெட்டிகளைத் திறந்துவைப்பார். உண்மை வேறு. 32 பாகை வெப்பமும் 60 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள காற்றின் பனிநிலை ஏறத்தாழ 23 பாகை. 14 பாகையில் இருக்கும் காயை அக்காற்று தொட்டவுடன் தன் ஈரத்தை அதன்மேல் இறக்கிவைக்கிறது. காற்று மிகுதியாகப் பட்டால் நீரும் மிகுதியாகப் படியும். சீப்பின் வெட்டுவாயில் தேங்கும் அந்நீர் பூஞ்சைக்கு இடந்தருகிறது; அட்டைப்பெட்டி நனைந்து வலுவிழந்து, அடுக்கில் கீழே உள்ள காய்கள் நசுங்குகின்றன. பல மாத உழைப்பு சில மணிநேர நீரால் விலையிழக்கிறது. செய்யவேண்டியது, பெட்டியைத் திறவாமல் வைத்து, காயின் வெப்பநிலை வெளிக்காற்றின் பனிநிலையைத் தாண்டும்வரை படிப்படியாக உயரவிடுவது. அதன்பின் உறையைப் பிரிக்கலாம்.

மார்கழி இரவில் வாழையிலையின்மேல் நிகழ்ந்ததும் இதுவே. இலையை வானம் குளிர்வித்தது. காயை இயந்திரம் குளிர்வித்தது. நீர் இரண்டிடத்தும் காற்றிலிருந்தே வந்தது.

கற்பவை கற்றபின்...

1. சுருங்குதல், சுண்டுதல், குறுகுதல், ஒடுங்குதல், திரளுதல், இறுகுதல், உறைதல் ஆகிய வினைச்சொற்கள் உங்கள் வீட்டிலும் ஊரிலும் எப்பொருள்களுக்கு வழங்குகின்றன என்பதைக் கேட்டறிந்து அட்டவணைப்படுத்துக.

2. குளிர்ந்த நீர் நிறைந்த செம்பின் வெளிப்புறத்தில் தோன்றும் நீர் உள்ளிருந்து கசிந்ததன்று என்பதை நிறுவ எளிய சோதனை ஒன்றை வடிவமைத்து எழுதுக.

3. ‘சுருங்கச் சொல்லல்’, ‘குன்றக் கூறல்’ இரண்டிற்கும் உங்கள் பாடப்பகுதியிலிருந்தோ நாளிதழ்ச் செய்தியிலிருந்தோ சான்று காட்டுக.

4. ‘நீர் சுருங்குதல்’ என்னும் கலைச்சொல் குறித்து இக்கட்டுரை கூறும் கருத்தை ஏற்றோ மறுத்தோ வகுப்பில் உரையாடுக.